மொட்டைமாடித் தோட்டத்துக்கு டைமர் வாங்கும் முன்: சில குறிப்புகள்

இரண்டு வருடம் முன்பு வைகாசியில் ஊரில் ஒரு கல்யாணம். ஆறு நாள் மேல்வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அப்போது இருபத்தைந்து க்ரோ பேக்: கத்திரி, வெண்டை, தக்காளி, கொஞ்சம் கீரை. வெயில் காலத்தில் ஒருநாள் தண்ணீர் விடாவிட்டாலே சாயங்காலம் இலையெல்லாம் தொங்கிவிடும். அதனால் ஆன்லைனில் ஒரு டைமர் வாங்கி, மேல் டேங்கிலிருந்து வரும் குழாயில் மாட்டி, சொட்டுநீர் டியூப் எல்லாம் இழுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன்.

நாலாம் நாள் காலையில் கீழ்வீட்டில் குடியிருக்கும் தங்கச்சி போன். "அண்ணா, குழாய்ல தண்ணி வரல. மோட்டார் ராத்திரிலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கு. சத்தமே ஒரு மாதிரி இருக்குண்ணா." மெயினை அணைக்கச் சொன்னேன். சம்ப்பில் பார்க்கச் சொன்னேன். அடியில் சேறுதான் இருந்தது. அவர்கள் வீட்டில் கைக்குழந்தை வேறு. அன்று மதியம் லாரி தண்ணீர் வந்து இறங்கும்வரை பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தூக்கியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். டைமர் நேரத்துக்குத் திறந்தது. மூடவும் செய்தது, ஆனால் முழுசா மூடவில்லை. மணிக்கு 40 லிட்டர் போல ஒழுகியிருக்கிறது. 40 லிட்டர் என்றால் ரெண்டு பெரிய பக்கெட், பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு நாளைக்கு 960 லிட்டர். மேல் டேங்க் குறையக் குறைய லெவல் கன்ட்ரோலர் தன் கடமையைத் தவறாமல் செய்து, சம்ப்பிலிருந்து ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு தானியங்கிகள். ஒன்று கொட்டுகிறது, மற்றது நிரப்புகிறது. நடுவில் "என்னப்பா இது?" என்று கேட்க ஆள் இல்லை.

ஊரிலிருந்து வந்ததும் அந்த டைமரைப் பிரித்துப் போட்டேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் படித்ததும் அளந்து பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு. கம்பெனி பெயர்களை ஒப்பிட்டு எது நல்லது என்று சொல்லப்போவதில்லை. பெட்டி மேல் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். கேள்விகள் இரண்டே இரண்டு. உங்கள் தண்ணீருக்கு அழுத்தம் எவ்வளவு? பழுதானால் வால்வு எந்த நிலையில் நிற்கும்?

முதலில் அழுத்தம். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். அப்படியானால் 1 மீட்டருக்கு 0.1 பார். இதற்கு மீட்டர் கருவி எதுவும் தேவையில்லை, இன்ச் டேப் போதும். டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து செடிக்குச் சொட்டும் இடம்வரை நேர் உயரம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். பைப் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது இதில் வராது. எங்கள் டேங்க் படிக்கட்டு அறையின் மேல் இல்லை, மாடித் தரையிலேயே ஒரு சின்ன மேடையில் உட்கார்ந்திருக்கிறது. அளந்தால் 1.2 மீட்டர். அதாவது 0.12 பார். டேங்க் பாதியானால் அதுவும் குறையும்.

ஆன்லைனில் கிடைக்கும் டைமர்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தோட்டக் குழாயை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே தெருக் குழாயிலேயே 2, 3 பார் அழுத்தத்தில் தண்ணீர் வரும். நம்மூரில் மெட்ரோ வாட்டர் சம்ப்பில் வந்து விழும், மோட்டார் போட்டு மேலே ஏற்றுவோம், பிறகு அது தன் எடையில் கீழே இறங்கும். தரைத்தளத்தில் குளிப்பவருக்கு ஷவர் நன்றாக வரும். மேல்மாடியில் இருப்பவருக்கு வாஷிங் மெஷின் நிரம்பவே அரைமணி ஆகும். விளம்பரத்தில் "ஜீரோ பிரஷர்" என்று போட்டு வாஷிங் மெஷின் விற்கிறார்களே, அது இந்த மேல்மாடிக்காரர்களுக்காகத்தான். மேல்மாடிக்கும் மேலே இருப்பது மொட்டைமாடித் தோட்டம். வீட்டிலேயே அழுத்தம் குறைந்த இடம் அதுதான்.

சரி, அழுத்தம் குறைந்தால் வால்வுக்கு என்ன? இங்கே வால்வுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

டைமர்களில் இரண்டு ஜாதி. ஒன்று சோலனாய்டு. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். சவ்வின் கீழே வரும் தண்ணீர், ஒரு ஊசித்துளை வழியாகச் சவ்வின் மேலே இருக்கும் சின்ன அறைக்கும் போய் நிரம்பும். மேல்பக்கம் தண்ணீர் அழுத்தும் பரப்பு அதிகம் என்பதால் சவ்வு கீழே அமுங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்ததும் காந்தம் ஒரு சின்ன ஊசியைத் தூக்கும். மேல் அறைத் தண்ணீர் வேறு வழியாக வெளியேறும். அங்கே அழுத்தம் குறைந்ததும் கீழிருந்து வரும் தண்ணீரே சவ்வைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடும். மின்சாரம் செய்வது சின்ன வேலைதான். திறப்பதும் மூடுவதும் தண்ணீரின் சொந்த பலத்தில். அதனால்தான் நாலு பென்சில் பேட்டரியிலோ ஒரு 9 வோல்ட் பேட்டரியிலோ மாதக்கணக்கில் ஓடுகிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் தண்ணீருக்கு பலம் இருந்தால்தான். 0.12 பாரில் சவ்வு பாதிதான் எழும்பும். மூடும்போதும் அழுத்தமாக உட்காராது.

எங்கள் வால்வில் இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. பிரித்தபோது அந்த ஊசித்துளை வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்திருந்தது. அந்தத் துளை அடைத்தால் மேல் அறை நிரம்பாது. மேல் அறை நிரம்பாவிட்டால் வால்வு மூடாது. துளை அடைத்தால் தண்ணீர் நின்றுபோகும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே நேர்மாறு.

உப்பு ஏன் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறு போட்டு நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வருவது 1969-லேயே கண்டறியப்பட்டது. பிறகு அது பல கிலோமீட்டர் உள்ளே நகர்ந்துவிட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. குடிக்க அது ஆயிற்று. செடிக்கு, துணிக்கு எல்லாம் எங்களுக்கு போர் தண்ணீர்தான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். என் கையடக்க மீட்டரில் எங்கள் போர் தண்ணீர் கோடையில் 1,800-ஐத் தாண்டும். அந்தத் தண்ணீர் ஊசித்துளையில் காய்ந்தால் வேறென்ன நடக்கும்?

இரண்டாவது ஜாதி, மோட்டார் வைத்த பால் வால்வு. நடுவில் ஓட்டை போட்ட ஒரு உருண்டை. குட்டி மோட்டார் அதைக் கால்வட்டம் திருப்பும். ஓட்டை நேராக நின்றால் தண்ணீர் போகும், குறுக்கே நின்றால் அடைக்கும். தண்ணீரின் உதவி இதற்கு வேண்டாம், அழுத்தம் பூஜ்யம் என்றாலும் வேலை செய்யும். மாடி டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இதுதான். ஆனால் பெட்டியில் "பால் வால்வு" என்று பெரிதாகப் போட மாட்டார்கள். வேலை செய்யும் அழுத்தம் என்ற வரியைத் தேடுங்கள். "0 முதல் 0.8 மெகா பாஸ்கல்" என்றிருந்தால் பால் வால்வு. "0.02 முதல்" என்றோ "0.05 முதல்" என்றோ ஆரம்பித்தால் சோலனாய்டு. 0.02 மெகா பாஸ்கல் கேட்பதற்குச் சின்ன எண்ணாக இருக்கிறது. ஆனால் அது 0.2 பார், அதாவது 2 மீட்டர் உயரம். எங்கள் வீட்டில் அது கிடையாது. இந்த வரியே இல்லாத பொருளை வாங்காமல் விடுவது நல்லது. இன்னொரு அடையாளம் சத்தம். சோலனாய்டு "டக்" என்று ஒரே அடி. பால் வால்வு சில விநாடி "ர்ர்ர்" என்று முனகும்.

24 வோல்ட் ஏசியில் ஓடும் பெரிய கன்ட்ரோலர்கள், எட்டு வால்வு, பன்னிரண்டு வால்வு என்று வருபவை, பண்ணைக்கும் பெரிய புல்வெளிக்கும் நல்லவை. அவற்றின் வால்வுகளும் சவ்வு ஜாதிதான், பம்ப் அழுத்தம் வேண்டும். இருபத்தைந்து பைக்கு அது தேவையில்லை. வைஃபை டைமர் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். வெளியூரிலிருந்து திறந்து மூடலாம் என்பது உண்மையிலேயே உபயோகமானது. ஆனால் ஆப் சொல்லும் "மூடப்பட்டது" என்பது டைமர் போட்ட உத்தரவு. தண்ணீர் நின்றதா என்பது அதற்குத் தெரியாது, ஓட்டத்தை அளக்கும் கருவியும் உள்ளே இருந்தால் ஒழிய.

இனி இரண்டாவது கேள்வி, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். பழுதானால் என்ன நிலையில் நிற்கும்?

அடாப்டரில் ஓடும் சாதாரண சோலனாய்டு, கரண்ட் போனால் மூடிக்கொள்ளும். செடி வாடும், தண்ணீர் தப்பும். பேட்டரியில் ஓடும் சோலனாய்டு அப்படியல்ல. அது ஒரு துடிப்பில் திறந்து இன்னொரு துடிப்பில் மூடும் வகை. நடுவில் பேட்டரி தீர்ந்தால் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். பால் வால்வும் அதே மாதிரி, திறந்திருக்கும்போது பேட்டரி போனால் திறந்தபடியே. சில மாடல்கள் பேட்டரி குறைந்ததும் மூடிக்கொண்டு மறுபடி திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த அடம் நல்லது, அதற்காகக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். சார்ஜ் செய்யும் பென்சில் பேட்டரி 1.2 வோல்ட்தான், சாதாரண ஆல்கலைன் 1.5. பல டைமர்கள் முதல் நாளே 1.2-ஐப் பார்த்து "பேட்டரி போச்சு" என்று நினைத்துக்கொள்ளும். ஆல்கலைனே போடுங்கள், ஊருக்குப் போகும் முன் புதிதாக.

செடியா தண்ணீரா என்று கேட்டால் நான் தண்ணீர் பக்கம். 2019 ஜூனில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கத்திரிச் செடி போனால் நாற்று வாங்கிக்கொள்ளலாம். கீழ்வீட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் இல்லாமல் போவதற்கு என் தோட்டம் காரணமாக இருந்தது என்பதை இன்றுவரை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எந்த வால்வும் ஒருநாள் ஏமாற்றும் என்று வைத்துக்கொண்டால், அது ஏமாற்றும்போது போகக்கூடிய தண்ணீருக்கு ஒரு எல்லை வேண்டும். அதற்கு நான் கண்ட வழி தனி டிரம். மேல் டேங்கோடு தோட்டத்துக்கு இப்போது தொடர்பே இல்லை. ஒரு 200 லிட்டர் நீல டிரம், அதிலிருந்து பால் வால்வு டைமர், அங்கிருந்து 16 மி.மீ. பைப், பைப்பிலிருந்து ஒவ்வொரு பைக்கும் 4 மி.மீ. டியூப். டிரம்மை நான் கையால்தான் நிரப்புகிறேன். மிதவை வைத்துத் தானாக நிரப்பலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். அதைச் செய்த நிமிடமே எல்லை காணாமல் போய்விடும்.

200 லிட்டர் போதுமா? 12 அங்குல வட்டப் பையின் மேல்பரப்பு சுமார் 0.07 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 7 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் அரை லிட்டர். இலைகள் பையைத் தாண்டிப் படர்ந்திருக்கும், அதனால் இரண்டு மடங்கு, 1 லிட்டர். காய்க்கும் தக்காளி அதற்கு மேலும் குடிக்கும். 25 பை, 7 நாள், 175 லிட்டர். மேலே நிழல்வலை, பையின் மேல் காய்ந்த சருகு மூடாக்கு இரண்டும் இருந்தால் தாராளம்.

டிரம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மணலிப் பக்கம் பழைய டிரம் சுலபமாகக் கிடைக்கும். முன்பு அதற்குள் என்ன இருந்தது என்று கேளுங்கள். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால், மூக்கில் ஏதாவது ஏறினால் வேண்டாம். கீரை சாப்பிடப்போவது நாம்தான். நிரம்பினால் 200 கிலோ எடை, ஆகவே மாடியின் நடுவில் வைக்காமல் கீழே சுவர் அல்லது பீம் இருக்கும் ஓரத்தில் வையுங்கள்.

டிரம்மிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹாலோ பிளாக் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். நிரம்பியிருக்கும்போது நீர்மட்டத்துக்கும் சொட்டும் இடத்துக்கும் 1.1 மீட்டர், அடி தட்டும்போது கால் மீட்டர். ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் அதே 10 நிமிடம் திறந்தாலும் ஏழாம் நாள் விழுவது முதல் நாளில் பாதிதான். நாழிகை பார்க்க அந்தக் காலத்தில் பாத்திரத்திலிருந்து தண்ணீரை ஒழுகவிட்டவர்களுக்கும் இதே தலைவலிதான். அடியில் துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது முழுகும் நேரத்தை ஒரு நாழிகையாக வைத்தவர்கள் அதைப் பெருமளவு தாண்டிவிட்டார்கள். நான் தாண்டவில்லை. டிரம்மை இன்னும் இரண்டு வரிசை ஏற்றினேன், நாலாம் நாளிலிருந்து கூடுதலாக ஒரு தடவை திறக்கும்படி நேரம் வைத்தேன். காற்றுப் புகாமல் மூடி, அடிவரை ஒரு குழாய் செருகி, ஓட்டத்தைச் சீராக்கும் மாரியட் முறையையும் செய்து பார்த்தேன். பிரான்ஸ்காரர் மாரியட் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கியது. நிழலில் அழகாக வேலை செய்தது. வெயிலில் டிரம்முக்குள் காற்று சூடாகி விரிந்து, கண்டபடி தள்ளியது. விட்டுவிட்டேன்.

சொட்டுவான்களையும் இந்தக் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி பார்க்க வேண்டும். "மணிக்கு 4 லிட்டர்" என்று எழுதியிருப்பது 1 பாரில். 0.12 பாரில் அது 1.4 லிட்டர்தான் தரும். அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை விலை அதிகம், ஆனால் அதற்கு அரை பாருக்கு மேல் வேண்டும், நமக்கு வீண் செலவு. தலையைத் திருகி ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை, அல்லது சும்மா வெட்டிவிட்ட 4 மி.மீ. டியூப், இரண்டுமே போதும். எல்லா டியூபும் ஒரே நீளம், எல்லாப் பையும் ஒரே மட்டம். ஒரு பை செங்கல் மேல் ஏறி நின்றால் அதற்கு மட்டும் தண்ணீர் வராது. வால்வுக்கு முன்னால் ஒரு சல்லடை ஃபில்டர் அவசியம், பெரிதாக வாங்குங்கள். சின்ன ஃபில்டர் இருக்கும் கொஞ்ச அழுத்தத்தையும் தின்றுவிடும். உப்புத் தண்ணீர் என்றால் மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பால் வால்வையும் மழைக்காலத்தில் அப்படியே விட்டுவிடாமல் வாரம் ஒருமுறை கையால் திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் உருண்டை உப்பில் ஒட்டிக்கொண்டு மோட்டார் திணறும்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் டைமரையே கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். நம்மூர் மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். ஈரம் பார்த்துத் திறக்கும் சென்சார் வைக்கலாமா என்றால், மலிவான இரண்டு கம்பி வகை நம் உப்பு மண்ணில் எப்போதும் "ஈரம்" என்றே காட்டும், ஒரு சீசனில் அரித்தும் போகும்.

வால்வே வேண்டாம் என்றும் ஒரு வழி உண்டு. டிரம்மைத் தரையில் வைத்து, மருந்து தெளிக்கும் பேட்டரி ஸ்ப்ரேயரில் வரும் 12 வோல்ட் பம்ப்பை டைமர் சாக்கெட்டில் மாட்டிவிடலாம். அழுத்தம் தாராளம், கரண்ட் போனால் நின்றுவிடும். ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும். டிரம்மின் நீர்மட்டம் சொட்டும் இடத்தைவிட உயரமாக இருந்தால் பம்ப் நின்ற பிறகும் சைஃபனாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த பம்ப்பின் உள்வால்வுகள் முன்னோக்கிப் போகும் நீரைத் தடுக்காது. பைகளை பெஞ்ச் மேல் ஏற்றினால் சரியாகிவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வசதியும்கூட.

எதை வாங்கினாலும் ஊருக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பே மாட்டுங்கள். ஒரு ராத்திரி சொட்டுவான்களைக் கழற்றி, பைப் முனையை பக்கெட்டில் விட்டு, டைமர் மூடிய நிலையில் வையுங்கள். காலையில் பக்கெட் காய்ந்திருக்க வேண்டும். பிறகு தண்ணீர் ஓடும்போதே பேட்டரியை உருவிப் பாருங்கள், உங்கள் டைமரின் குணம் அப்போது தெரிந்துவிடும்.

போன தையில் ஒன்பது நாள் வெளியூர் போயிருந்தோம். வந்து பார்த்தால் ஓரத்தில் இருந்த மூன்று பை காய்ந்து கிடந்தன, டியூப் நழுவி அந்த இடத்தில் தரை பாசி பிடித்திருந்தது. டிரம் காலி. கீழ்வீட்டுத் தங்கச்சியிடம் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "ஏண்ணா, நல்லாத்தான வருது?" என்றாள்.